எஸ்எஸ்டியில் 120 ஜிபி ஏற 55 நிமிடமா? கேபிளைப் பாருங்க

வணக்கம் சார். தேன்கனிக்கோட்டை கல்யாண வீடியோ 120 ஜிபி, புது எஸ்எஸ்டியில் (கேபிள் போட்டு வெளியே செருகும் வேகமான சேமிப்பு டிஸ்க்) ஏற 55 நிமிடம் ஆச்சுன்னு எழுதியிருக்கீங்க. கணக்குப் போட்டா நொடிக்கு 36 எம்பி (மெகாபைட்). இது அச்சு அசல் யூஎஸ்பி 2.0 வேகம். எஸ்எஸ்டி மேல பழி போடாதீங்க, கடைக்குத் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம்.

2.0-வின் உச்சம் நொடிக்கு 480 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தா ஒரு பைட், அதனால எட்டால் வகுத்தா 60 எம்பி, கைக்கு வருவது 30–40 தான். 3.0 என்பது 5 ஜிகாபிட். நடைமுறையில் 400 எம்பி வரை வரும். 3.1 ஜென் 1, 3.2 ஜென் 1 எல்லாம் இதே வேகம்தான், பேர் மட்டும் மாறியது.

நீங்க போட்டது போன் சார்ஜர் கேபிள். டைப்-சி என்பது முனையின் வடிவம், வேகம் இல்லை. அதன் பெரிய முனைக்குள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க: நாலு தகடு மட்டும் இருந்தா 2.0. உள்ளே தள்ளி இன்னும் அஞ்சு சின்னத் தகடு இருந்தாத்தான் 3.0. முனைக்குள்ள நீலமா இருந்தா 3.0-ன்னு சொல்வாங்க, அந்த நிறத்தை மட்டும் நம்பாதீங்க.

எஸ்எஸ்டி பெட்டியில் வந்த கேபிளையே லேப்டாப்பின் 3.0 போர்ட்டில் ஒரே அழுத்தா செருகுங்க. மெதுவா நுழைச்சா சில நேரம் 2.0-வாகவே பிடிச்சுக்கும். லேப்டாப்பில் பழைய ஹார்ட் டிஸ்க் இருந்தா 100 எம்பி சுமாரில் நிக்கும், 20 நிமிடம் ஆகும். உள்ளேயும் எஸ்எஸ்டின்னா ஐந்தாறு நிமிடம்.