ரிப்போர்ட்டில் ‘ஆர்’ என்று வந்தால்: நிமோகாக்கஸ் பற்றிக் கேள்வி பதில்

நான் மைக்ரோபயாலஜி லேப்பில் இருப்பவள். நுரையீரல் தொற்றுக் கிருமிகள் எந்த மருந்துக்கு அடங்குகின்றன, எதற்கு அடங்கவில்லை என்று கணக்கெடுப்பதைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் தெரிந்தவரை பதில் சொல்கிறேன். நிமோகாக்கஸ் என்பது நிமோனியா, மூளைக்காய்ச்சல் போன்றவற்றை உண்டாக்கும் ஒரு பாக்டீரியா. ரிப்போர்ட்டில் ‘எஸ்’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ‘ஆர்’ என்றால் அடங்காது. யாருக்கு என்ன மருந்து என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மேடம், நாலு வயசுப் பையனுக்கு மூக்கில் ஸ்வாப் எடுத்தார்கள். நிமோகாக்கஸ், எரித்ரோமைசினுக்கு ‘ஆர்’ என்று வந்திருக்கிறது. பையன் நன்றாக ஓடி விளையாடுகிறான். பயப்படணுமா?

வேண்டாம். இந்த வயதுக் குழந்தைகள் பலருக்கு மூக்கின் உள்பக்கம் நிமோகாக்கஸ் சும்மா குடியிருக்கும், நோய் எதுவும் இருக்காது. நன்றாக இருக்கிற பிள்ளைக்கு ஸ்வாப் எதற்கு எடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. தீவிரத் தொற்றின் கணக்கில் இது சேராது. ரத்தம், முதுகுத்தண்டு நீர், நுரையீரலைச் சுற்றித் தேங்கும் நீர் இவற்றில் வளர்ந்தால்தான் சேரும்.

இந்தியாவில் இதையெல்லாம் யார் கணக்கெடுக்கிறார்கள்?

ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2013-இல் இதற்கென ஒரு வலையமைப்பு தொடங்கியது. வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் இரண்டும் அதில் உண்டு. என்சிடிசிக்கு (தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையம்) தனியாக ஒன்று இருக்கிறது. உலக அளவில் கிளாஸ் என்ற திட்டத்தை உலக சுகாதார அமைப்பு 2015-இல் ஆரம்பித்தது.

அக்கா, லேப் டெக்னாலஜி (எம்.எல்.டி.) படிக்கிறேன். நிமோகாக்கஸ் தட்டில் ஆக்ஸாசிலின் டிஸ்க் (மருந்து ஊறிய காகித வட்டு) வைத்தேன், அதைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் 17 மி.மீ. வந்தது. பெனிசிலின் ‘ஆர்’ என்று எழுதிவிடலாமா?

எழுதாதேம்மா! நிறைய இடத்தில் சறுக்குவது இங்கேதான். அந்த 1 மைக்ரோகிராம் டிஸ்க் பெனிசிலினுக்கு ஒரு வடிகட்டல் மட்டுமே. 20 மி.மீ.யோ மேலேயோ வந்தால் பெனிசிலின் கேட்கும் என்று தைரியமாகச் சொல்லலாம். 19-ம் அதற்குக் கீழும் வந்தால் ஒன்றும் முடிவாகவில்லை, எம்ஐசி (கிருமி வளராமல் தடுக்கத் தேவையான குறைந்தபட்ச மருந்து அளவு, மில்லிலிட்டருக்கு மைக்ரோகிராம் கணக்கில்) பார்த்தே ஆகவேண்டும். அதைப் பார்த்த பிறகும் மாதிரி எங்கிருந்து வந்தது என்று கேட்கணும். 2008-இல் அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ (லேப் சோதனைகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமைப்பு) பெனிசிலின் அளவுகோலைப் பிரித்தது. மூளைக்காய்ச்சல் என்றால் 0.06 வரைதான் ‘எஸ்’, 0.12 வந்தாலே ‘ஆர்’. நிமோனியாவுக்கு ஊசி வழியாகப் பெனிசிலின் போடுவதானால் 2 வரை ‘எஸ்’, 8-க்குப் போனால்தான் ‘ஆர்’. ரத்தத்திலும் நுரையீரலிலும் மருந்து ஏறும் அளவு முதுகுத்தண்டு நீரில் ஏறாது, அதனால்தான் இந்த வித்தியாசம். ஆக எம்ஐசி 1 உள்ள ஒரே கிருமி ஒரு நோயாளியிடம் ‘ஆர்’, இன்னொருவரிடம் ‘எஸ்’. 2008-க்கு முன்னும் பின்னும் உள்ள சதவீதங்களை அப்படியே பக்கத்தில் வைத்து ‘எதிர்ப்பு குறைந்துவிட்டது’ என்று யாராவது எழுதினால், எந்த அளவுகோல் என்று முதலில் கேள்.

பேப்பரில் ‘பாதிப் பேருக்கு மருந்து கேட்காது’ என்று போடுகிறார்களே, உண்மையா?

யாரில் பாதி என்று பாருங்கள். சாதாரணமாக வந்து அமாக்ஸிசிலினில் சரியாகிறவருக்கு யாரும் கல்ச்சர் (மாதிரியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) அனுப்புவதில்லை. இரண்டு மூன்று மருந்து மாற்றிப் பார்த்தும் சரியாகாமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவருடைய மாதிரிதான் லேபுக்கு வருகிறது, அப்புறம் சதவீதம் ஏறாமல் என்ன செய்யும்? கடையில் வாங்கிப் போட்ட மாத்திரையிலேயே அடங்கும் கிருமி செத்துப்போய், அடங்காதது மட்டும் தட்டில் வளர்வதும் உண்டு. இது போதாதென்று ஒரே நோயாளியின் மாதிரியை நாலு முறை எண்ணுவதும் நடக்கிறது. முதல் மாதிரியை மட்டும் எண்ணணும், ஒரு கிருமிக்கு 30 மாதிரியாவது சேராமல் சதவீதம் போடக்கூடாது என்பது விதி. பிரச்சினையே இல்லை என்று சொல்லவில்லை, எரித்ரோமைசின், அசித்ரோமைசின் சேர்ந்த மேக்ரோலைடு வகையில் ஆசியாவில் உண்மையிலேயே நிலைமை மோசம்தான்.

அப்போ சளிக்கு மூணு நாள் அசித்ரோமைசின் போடுவது?

பெரும்பாலான சளி வைரஸால் வருவது, அசித்ரோ அதை ஒன்றும் செய்யாது. மூன்று நாளில் மாத்திரை முடிந்தாலும் மருந்து உடம்பில் பல நாள் குறைந்த அளவில் தங்கும், மூக்கிலிருக்கும் கிருமிகளில் எதிர்ப்புள்ளது மட்டும் பெருக அது போதும்.

தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

நிறைய உண்டு. நிமோகாக்கஸில் 90-க்கு மேல் வகைகள். 6பி, 9வி, 14, 19எஃப், 23எஃப் போன்ற சிலவற்றில்தான் எதிர்ப்பு அதிகம் குவிந்திருந்தது. அமெரிக்காவில் 2000-இல் வந்த ஏழு வகைத் தடுப்பூசியில் இவை எல்லாம் இருந்ததால் எதிர்ப்புள்ள தொற்றும் சேர்ந்தே குறைந்தது. ஆனால் ஊசியில் இல்லாத 19ஏ அந்த இடத்தைப் பிடித்தது, 2010-இல் 13 வகை ஊசி வந்த பிறகே அது இறங்கியது. இந்தியாவில் நிமோகாக்கஸ் தடுப்பூசி 2017-இல் சில மாநிலங்களில் தொடங்கி 2021-இல் நாடு முழுக்க வந்தது. அதனால் எந்த வகை என்பதையும் பார்க்காமல் ‘எஸ்’, ‘ஆர்’ மட்டும் எண்ணுவது எனக்குப் பாதி வேலையாகத்தான் படுகிறது.

மாவட்ட ஆஸ்பத்திரி லேப், பெரிய வசதி இல்லை. நாங்கள் என்ன செய்ய முடியும் மேடம்?

ஆட்டு ரத்தம் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள், ரத்த வங்கியில் மிஞ்சியதை ஊற்றி அகார் (கிருமி வளர்க்கும் தட்டு) போடாதீர்கள். கார்பன் டை ஆக்ஸைடு இன்குபேட்டர் இல்லையென்றால் மெழுகுவர்த்தி ஜாடி போதும். சோதனை சரியாக நடக்கிறதா என்று ஒப்பிட (கன்ட்ரோல்) ஏடிசிசி 49619 என்ற நிமோகாக்கஸ் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கல்ச்சரை முதல் டோஸ் ஆன்டிபயாடிக்குக்கு முன்னால் எடுக்கச் சொல்லி வார்டு நர்ஸ்களிடம் பேசுங்கள், ஆனால் அதற்காக மருந்தைத் தள்ளிப்போட விடாதீர்கள். பதிவுக்கு ஹூநெட் மென்பொருள் இலவசம், பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும்.