சென்னை - சிங்கப்பூர்: ஆறேமுக்கால் மணி நேரம் ஆகாது

அம்மாவின் டிக்கெட்டில் இரவு 11.15க்குக் கிளம்பி காலை 6 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருக்கிறதே, முட்டிவலியோடு அவ்வளவு நேரம் எப்படி உட்காருவார் என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம். டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் நாலேகால் மணிதான். ஓடுபாதைவரை ஊர்ந்து போவதும் அதில் அடக்கம். தூரம் சுமார் 2,900 கி.மீ. திரும்பும்போது இரவு 8 மணிக்கு ஏறி 9.40க்குச் சென்னை என்றிருந்தால் ராக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள், அதே கணக்குதான், இம்முறை இரண்டரை மணியைக் கூட்ட வேண்டும். மாத்திரை இடைவெளியை மட்டும் நம்மூர் மணியில் பாருங்கள். அப்புறம், எஸ்ஜி அரைவல் கார்டை, அதாவது சிங்கப்பூர் வருகைப் படிவத்தை, இறங்குவதற்கு முன்பே, இறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இலவசம்தான், காசு கேட்கும் தளமென்றால் உடனே மூடிவிடுங்கள்.