கிளாஸியா, சாட்டினா? கிட்டார் நெக் பற்றிய கேள்வி பதில்

எலக்ட்ரிக் கிட்டாரில் கை பிடித்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதியான நெக்கின் பின்பக்கப் பூச்சு பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். கிளாஸி என்றால் கண்ணாடி போல மின்னும் பூச்சு, சாட்டின் என்றால் பளபளப்பில்லாத மங்கல் பூச்சு. பல வருடங்களாக நெக்குகளைத் தேய்த்தும் பூசியும் சரிசெய்தும் வருகிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: சார், புது கிட்டார் வாங்கப் போகிறேன். ஒரே மாடல் கிளாஸி நெக்கிலும் வருகிறது, சாட்டின் நெக்கிலும் வருகிறது. கிளாஸியில் கை ஒட்டும், வேகமாக வாசிக்க முடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. உங்கள் கை வியர்க்குமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். காய்ந்த கைக்கு நல்ல கிளாஸி நெக் வழுக்கிக்கொண்டு போகும், எந்தத் தொல்லையும் இருக்காது. கையில் லேசாக ஈரம் வந்ததும் நிலைமை மாறிவிடும். ஈரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் பிரிக்கக் கஷ்டப்படுவோம் இல்லையா, அதே கதைதான் இங்கேயும். வழவழப்பான தோலுக்கும் வழவழப்பான பூச்சுக்கும் நடுவில் வியர்வை மெல்லிய படலமாக நின்று பிடித்துக்கொள்கிறது. சாட்டினில் கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்கள் இருப்பதால் தோல் முழுதாகப் படியாது. அதனால் ஈரத்திலும் கை நகர்கிறது.

கடையில் பெரும்பாலானவர்கள் காய்ந்த கையோடு ஒரு நிமிடம் வாசித்துப் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் வாசியுங்கள். அப்புறம் முதல் ஃபிரெட்டிலிருந்து (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) பன்னிரண்டாவது வரை கட்டைவிரலை நெக்கிலிருந்து எடுக்காமல் இழுத்துப் பாருங்கள். விரல் வழியில் தடுக்கித் தடுக்கி வந்தால் உங்களுக்குச் சாட்டின்தான்.

இன்னொன்று. இரண்டு கிட்டாரில் ஒன்றின் நெக் வடிவமும் பருமனும் உங்கள் கைக்குச் சரியாக அமைந்தால், பூச்சைப் பார்க்காமல் அதையே வாங்குங்கள். பூச்சைப் பிறகு மாற்றலாம். வடிவத்தை அவ்வளவு சுலபமாக மாற்ற முடியாது.

கேள்வி: இரண்டும் வேறு வேறு ரசாயனமா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அதே பூச்சில் மிக நுண்ணிய சிலிக்கா தூளைக் கலந்தால் அது சாட்டின். தூள் ஒளியைச் சிதறடிப்பதால் பளபளப்பு போய்விடுகிறது. எனவே 'கிளாஸி', 'சாட்டின்' என்பவை மேற்பரப்பைச் சொல்லும் பெயர்கள்தான். பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கரா (சுருக்கமாக நைட்ரோ), பாலியூரிதேனா, பாலியஸ்டரா என்பது தனிக் கேள்வி.

அந்தத் தனிக் கேள்விதான் பல நேரங்களில் முக்கியமானது என்று நினைக்கிறேன். ஃபெண்டர் கிட்டார் நிறுவனம் 1950-களில் மேப்பிள் மர நெக்குகளுக்கு மெல்லிய நைட்ரோ பூசியது. 1960-களின் கடைசியில் தடித்த பாலியஸ்டருக்கு மாறியது. 'கிளாஸி பிடிக்காது' என்று சொல்பவர்களில் பலருக்கு உண்மையில் பிடிக்காதது அந்தத் தடிமன்தான். மெல்லிய கிளாஸியைக் கையில் கொடுத்தால் மனம் மாறிவிடுகிறார்கள்.

கேள்வி: அண்ணா, இரண்டு வருடத்துக்கு முன் சாட்டின் நெக் என்றுதான் வாங்கினேன். இப்போது முதல் ஐந்து ஃபிரெட்டுக்குப் பின்னால் மட்டும் கண்ணாடி மாதிரி மின்னுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை, நீங்கள் நிறைய வாசித்திருக்கிறீர்கள். சாட்டினின் மேடுகள் கை பட்டுப் பட்டுத் தேய்ந்து சமமானால் அங்கே பளபளப்பு வரும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் கட்டைவிரல் போய்வரும் பாதை அப்படியே தெரியும். மெல்லிய தேய்ப்புப் பஞ்சால் நீளவாக்கில் பத்து இருபது முறை இழுத்தால் பழைய நிலைக்கு வந்துவிடும். மெழுகோ சிலிகானோ கலந்த கிட்டார் பாலிஷைச் சாட்டின் நெக்கில் போடாதீர்கள். அது பள்ளங்களை நிரப்பித் திட்டுத் திட்டாக மினுக்கும். லேசாக ஈரமான துணியும், பிறகு காய்ந்த துணியும் போதும்.

கேள்வி: என் கிளாஸி நெக்கை நானே சாட்டின் ஆக்க முடியுமா? பயமாக இருக்கிறது.

பதில்: முடியும். பொறுமையாகச் செய்தால் ஒரு மணி நேர வேலை. பூச்சை நீக்கப் போவதில்லை, மேல்தோலில் நுண்ணிய கீறல்களைப் போடப் போகிறோம், அவ்வளவுதான். கெட்டியான பாலி (பாலியூரிதேன் அல்லது பாலியஸ்டர்) பூச்சு என்றால் பிடிக்காவிட்டாலும் ரப்பிங் காம்பவுண்ட் என்ற மெருகேற்றும் பசையைப் போட்டுத் தேய்த்துப் பழைய பளபளப்பைத் திரும்பக் கொண்டுவரலாம். அதனால் பயம் வேண்டாம்.

கம்பிகளைக் கழற்றுங்கள். ஹெட்ஸ்டாக் (முறுக்காணிகள் உள்ள தலைப்பகுதி) ஆரம்பிக்கும் இடத்திலும், நெக் உடலோடு சேரும் இடத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். கோடு நேராக இருக்கட்டும், வேலை முடிந்ததும் கண்ணில் படுவது அந்தக் கோடுதான். விரல் கம்பியை அழுத்தும் முன்பக்கப் பலகையான ஃபிரெட்போர்டின் ஓரத்தையும் மூடிவிடுங்கள். ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் பெயர் ஸ்டிக்கர் பக்கம் போகவே வேண்டாம்.

தேய்க்க நான் சாம்பல் நிற நைலான் தேய்ப்புப் பட்டையைத்தான் எடுப்பேன். நான்கு பூஜ்ய (0000) ஸ்டீல் வுல், அதாவது மிக மெல்லிய இரும்பு நாரும் நன்றாக வரும். பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைச் சொல்லவில்லை, அது ஆழமாகக் கீறிவிடும். ஸ்டீல் வுல் என்றால் பிக்கப்புகளை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தப் பகுதிகள்) முழுக்க மூடி ஓரமெல்லாம் டேப் ஒட்டுவது கட்டாயம். ஆரம்ப காலத்தில் ஒரு கிட்டாரில் இதைச் செய்யாமல் விட்டேன். முடியை விட மெல்லிய இரும்புத் துணுக்குகள் காந்த முனைகளில் மீசை முளைத்தது போல நின்றன. டேப்பின் பிசின் பக்கத்தால் ஒற்றி ஒற்றி எடுக்க ஒரு மாலை முழுவதும் போனது. உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் வரை துணுக்குகள் போய்விட்டால் பிக்கப்பே கெடலாம். நைலான் பட்டையை விரும்புவதற்கு இதுதான் காரணம்.

எப்போதும் நெக்கின் நீளவாக்கில், ஒரே சீரான அழுத்தத்தில் இழுங்கள். குறுக்கே போனால் கீறல் தெரியும், கைக்கும் உறுத்தும். முதல் சில இழுப்புகளில் சர்ரென்று சத்தம் வரும், பிறகு அது மெதுவாக அடங்கும். அப்போது நிறுத்தித் துடைத்துத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும். உப்புத்தாள் எடுக்கத் தோன்றினால் 1000 எண்ணுக்குக் கீழே (அதைவிடச் சொரசொரப்பாக) போகாதீர்கள். மெல்லிய நைட்ரோ பூச்சில் மரம் வரை இறங்கிவிடும் ஆபத்து உண்டு.

கேள்வி: பூச்சு மாறினால் சத்தம் மாறுமா?

பதில்: நெக்கின் பின்னால் உள்ள மெல்லிய பூச்சால் ஆம்ப்ளிஃபையரில் வித்தியாசம் கேட்டதாக என் காதுக்குத் தெரிந்ததில்லை. கம்பியை மாற்றினால் இதைவிடப் பெரிய மாற்றம் கேட்கும்.

கேள்வி: பூச்சே இல்லாமல் வெறும் மரமாக விட்டால் என்ன? தொடுவதற்கு அதுதான் சுகமாக இருக்கிறது.

பதில்: சுகம் உண்மைதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் எந்த மரம் என்று பார்க்க வேண்டும். ரோஸ்வுட், எபனி, வெங்கே போன்றவற்றை வெறுமனே விடலாம். மேப்பிள் அப்படி இல்லை. வியர்வையையும் அழுக்கையும் உறிஞ்சிச் சாம்பல் நிறமாகும். காற்றின் ஈரம் ஏறி இறங்கும்போது நெக் வளையும் வாய்ப்பும் கூடும். பூச்சு ஈரத்தை முழுதாகத் தடுக்காது, அந்த ஏற்ற இறக்கத்தை மெதுவாக்கும்.

நடுவழி ஒன்று இருக்கிறது. டங் மரக் கொட்டையிலிருந்து எடுக்கும் டங் எண்ணெய் அல்லது துப்பாக்கிக் கட்டைக்குப் பூசும் எண்ணெயை மெல்லிய பூச்சுகளாக ஏற்றலாம். மியூசிக் மேன் நிறுவன நெக்குகள் பலவற்றில் அந்தத் துப்பாக்கி எண்ணெயும் மெழுகும்தான். கைக்கு வெறும் மரம் போலவே இருக்கும். ஆனால் அவ்வப்போது சுத்தம் செய்து மீண்டும் பூச வேண்டும். அந்தப் பராமரிப்புக்குத் தயார் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். வறுத்த (சூடேற்றிப் பதப்படுத்திய) மேப்பிள் சாதாரண மேப்பிளை விடக் குறைவாக ஈரம் ஏற்கும், எண்ணெய்ப் பூச்சுக்கு நல்ல ஜோடி.

கேள்வி: மேப்பிள் ஃபிரெட்போர்டையும் சாட்டின் ஆக்கலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். விரல் அங்கே கம்பியைத்தான் அழுத்துகிறது, கட்டைவிரல் போல நெடுக இழுபடுவதில்லை. அதனால் லாபம் குறைவு. கம்பியும் நகமும் உரசுகிற இடம் என்பதால் கெட்டியான பூச்சு இருப்பதே நல்லது. முன்னால் கிளாஸி, பின்னால் சாட்டின் என்று பல கிட்டார்கள் வருவது இதனால்தான்.

கேள்வி: மாமாவின் பழைய கிட்டார் கிடைத்தது. நைட்ரோ பூச்சு என்று சொன்னார். நெக் பிசுபிசுவென்று இருக்கிறது. தேய்த்துவிடட்டுமா?

பதில்: தயவுசெய்து பொறுங்கள். பழைய கிட்டாரில் அசல் பூச்சைத் தேய்த்தால் மதிப்பு குறையும், போனது திரும்பாது. பிசுபிசுப்பு பெரும்பாலும் பல வருட வியர்வையும் எண்ணெயும் சேர்ந்த அழுக்குதான். லைட்டரில் ஊற்றும் நாப்தாவை வெள்ளைத் துணியில் லேசாக நனைத்து, காற்றோட்டமான இடத்தில், நெருப்பு பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டு, நெக்கின் ஓர் ஓரத்தில் முதலில் துடைத்துப் பாருங்கள். ஆல்கஹால் உள்ள எதையும் தொடாதீர்கள், அது நைட்ரோவை இளக்கிக் கெடுக்கலாம். துணி பழுப்பாக வந்தால் வருவது அழுக்கு. துணி சுத்தமாக வரும் வரை புதுப் புதுப் பக்கத்தால் துடையுங்கள்.

அதற்குப் பிறகும் ஒட்டினால் வியர்வையால் பூச்சே இளகியிருக்கலாம். கிட்டாரை ரப்பர் பிடி வைத்த ஸ்டாண்டில் வைக்காமல் பருத்தித் துணி சுற்றிய ஸ்டாண்டில் வையுங்கள், ரப்பர் பட்ட இடத்திலும் நைட்ரோ இளகும். சுத்தம் செய்த பிறகு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.