அடங்கியது பத்து மீட்டர் பேண்டா, உங்கள் கேபிளா?

கேள்வி: குளச்சலில் இருக்கிறேன். ஹாம் லைசென்ஸ் (பொழுதுபோக்கு வானொலி உரிமம்) வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. மார்ச் வரைக்கும் மாலை நேரத்தில் பத்து மீட்டர் பேண்டில், அதாவது 28 மெகாஹெர்ட்ஸில், 25 வாட்டை வைத்தே இத்தாலி, ஜெர்மனி என்று பேசினேன். ஜூன் பிறந்ததிலிருந்து வெறும் இரைச்சல்தான். சூரியப் புள்ளிகள் குறைந்துவிட்டன, இனி பத்து வருடத்துக்கு இந்த பேண்ட் கிடையாது என்கிறார் நண்பர். யாகி (ஒரே திசையில் குவித்து அனுப்பும் ஆன்டெனா) வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

பதில்: யாகி இப்போது வேண்டாம். ஆனால் நண்பர் சொல்லும் காரணம் சரியில்லை. சூரியப் புள்ளிகள் கூடினால் இந்த பேண்ட் திறக்கும், குறைந்தால் மூடும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புள்ளிகள் கூடிக் குறையும் சூரியச் சுழற்சி மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவில் படுத்துவிடுகிற சமாச்சாரம் அல்ல. ஏற இறங்கச் சராசரியாகப் பதினோரு வருடம் எடுத்துக்கொள்ளும். இப்போது நடப்பது 25-வது சுழற்சி. 2019 டிசம்பரில் தொடங்கி, 13 மாதச் சராசரிக் கணக்கில் 2024 அக்டோபரில் சுமார் 161 என்ற உச்சத்தைத் தொட்டது. இறக்கம் பெரும்பாலும் ஏற்றத்தைவிட மெதுவாகத்தான் இருக்கும்.

அந்த 161 என்பது புள்ளிகளின் எண்ணிக்கை அல்ல. புள்ளிக் கூட்டங்களை எண்ணிப் பத்தால் பெருக்கி, தனிப் புள்ளிகளை அதோடு கூட்டுவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ருடால்ஃப் வுல்ஃப் வகுத்த முறை. மூன்று கூட்டம், மொத்தம் எட்டுப் புள்ளி என்றால் 38. நமக்கு இதைவிடக் கைக்கு உதவுவது சூரியப் பாய்வு எண், அதாவது சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலையின் அளவு. கனடாவின் பென்டிக்டனில் 2,800 மெகாஹெர்ட்ஸில் தினமும் அளக்கிறார்கள். தோராயமாக 120-க்கு மேல் சில நாள் நிலைத்து நின்றால் 10 மீட்டருக்கு நம்பிக்கை உண்டு, 100 இருந்தால் 15 மீட்டர் (21 மெகாஹெர்ட்ஸ்) பிழைக்கும், 70-க்கு இறங்கினாலும் 20 மீட்டர் (14 மெகாஹெர்ட்ஸ்) பகலில் வேலை செய்யும்.

அப்படியானால் ஜூனில் என்ன ஆனது? பருவம். நம்மிடமிருந்து ஐரோப்பா போகும் பாதை முழுக்க வட அரைக்கோளத்தில் இருக்கிறது. அங்கே கோடைகாலத்தில், ரேடியோ அலையை பூமிக்குத் திருப்பும் அயனி மண்டலத்தின் எஃப்2 என்ற மேல் அடுக்கு பகலில் அடர்த்தி குறைந்து, 28 மெகாஹெர்ட்ஸை வளைத்துத் திருப்ப முடியாமல் விண்வெளிக்கே விட்டுவிடும். அக்டோபர் முதல் மார்ச் வரைதான் அந்தப் பாதைக்கு நல்ல காலம். பிற்பகல் இரண்டிலிருந்து ஆறரை மணி வரை கேளுங்கள். ஜூன், ஜூலையில் அதே நேரத்தில் 21 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிப் பார்த்தீர்களா?

குமரிக்காரர்களுக்கு ஒரு சலுகையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு உங்கள் ஊருக்குப் பக்கத்தில்தான் போகிறது. 1963-ல் ராக்கெட் விடத் திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவைத் தேர்ந்ததும் இதனால்தான். இந்த அட்சரேகையில் அயனி மண்டலம் தடிப்பானது; சுழற்சி இறங்கினாலும் தென்மேற்கே ஆப்பிரிக்கா நோக்கிய பாதை வடக்கத்திக்காரர்களுக்கு மூடிய பிறகும் உங்களுக்குத் திறந்திருக்கும். தண்டமும் உண்டு. நடுப்பகலில் 40 மீட்டரை (7 மெகாஹெர்ட்ஸ்) கீழே உள்ள டி அடுக்கு உறிஞ்சிவிடும். சூரியன் மறைந்தபின், குறிப்பாக மார்ச், செப்டம்பர் மாதங்களில், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் படபடக்கும். அது ரிக்கின் (ரேடியோ செட்டின்) கோளாறு இல்லை. கழற்றிப் பார்க்க வேண்டாம்.

பேண்ட் செத்ததா, உங்கள் செட் செத்ததா என்று பிரித்தறிய 28.200 மெகாஹெர்ட்ஸில் சிடபிள்யூ (மோர்ஸ் முறை) வைத்து மூன்று நிமிடம் காத்திருங்கள். உலகெங்கும் 18 பீக்கன்கள் (தானாகவே குறி அனுப்பும் நிலையங்கள்) ஆளுக்குப் பத்து விநாடி எனச் சுற்றி வரும். ஒவ்வொன்றும் அழைப்புக்குறியை அனுப்பிவிட்டு 100, 10, 1, 0.1 வாட்டில் நான்கு கோடு போடும். மூன்றாவது கோடு கேட்டாலே உங்கள் 25 வாட் தாராளம். இலங்கையின் பீக்கன் 4எஸ்7பி கேட்கவில்லையே என்று கவலைப்படாதீர்கள். கொழும்பு உங்களுக்கு முந்நூறு கிலோமீட்டர் சொச்சம் தூரத்தில்தான் இருக்கிறது. 28 மெகாஹெர்ட்ஸ் அந்தத் தூரத்தைத் தலைக்கு மேலே தாண்டிப் போய்விடும்.

ஒன்றுமே கேட்காவிட்டால் வீட்டின் மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணைத்து, ரிக்கை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சிக்னல் மீட்டரில் எஸ்7-ல் நின்ற இரைச்சல் எஸ்2-க்கு விழுந்தால் குற்றவாளி உங்கள் எல்இடி பல்போ இன்வெர்ட்டரோதான். விழவில்லையென்றால் அடுத்துப் பார்க்க வேண்டியது கோஆக்ஸ், அதாவது ரிக்கையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கேபிள். கடற்கரையில் ஒரே மழைக்காலத்தில் கனெக்டர் வழியாக உப்புநீர் புகுந்து உள்ளே இருக்கும் கம்பிப் பின்னல் கறுத்துவிடும். இதில் ஏமாற்றுவது, ஆன்டெனாவிலிருந்து திரும்பும் சக்தியை வைத்துப் பொருத்தம் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர். நனைந்த கேபிள் போகும் சக்தியையும் தின்னும், திரும்பும் சக்தியையும் தின்னும். மீட்டரோ அழகாக 1.2 காட்டும். பேண்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை எஸ்டபிள்யூஆர் அசையவே இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். ஆன்டெனா முனையில் 50 ஓம் டம்மி லோடை (ஆன்டெனாவுக்குப் பதில் சக்தியை வாங்கிக்கொள்ளும் மின்தடையை) மாட்டி, இரு முனையிலும் வாட் அளந்தால் உண்மை தெரியும். நல்ல ஆர்ஜி-58 ரகக் கோஆக்ஸில் 20 மீட்டர் நீளத்துக்கு 28 மெகாஹெர்ட்ஸில் சுமார் ஒன்றரை டெசிபெல் போகும். 25 வாட் கொடுத்தால் மறுமுனையில் 17, 18 வாட் வர வேண்டும். பத்துக்குக் கீழே என்றால் கேபிளை மாற்றுங்கள்.

சேர்த்த பணத்தில் ஒரு விசிறி டைபோல் கட்டலாம்; ஒரே மையத்திலிருந்து பல நீளக் கம்பிகள் இரு பக்கமும் விரியும் ஆன்டெனா அது. யாகியின் விலையில் சிறுபகுதி கூட ஆகாது. மையத்தின் ஒவ்வொரு பக்கமும் 7.1-க்கு 10.1 மீட்டர், 14.2-க்கு 5.04, 28.4-க்கு 2.52 மீட்டர் கம்பி. 40 மீட்டர் கம்பியே 21 மெகாஹெர்ட்ஸிலும் ஒத்திசையும் என்பதால் நான்கு பேண்ட் கிடைக்கும். இரு பக்கமும் சேர்ந்த மொத்த நீளம் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்து வருவது; பக்கத்துக்கு அதில் பாதி. வெட்டும்போது பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர் கூடுதலாக விடுங்கள், மீதியை மடித்துச் சரிசெய்யலாம். உறை போட்ட வயர் என்றால் இன்னும் சற்று குட்டையாக வரும். நீளமான கம்பியில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள்; குட்டையைத் தொட்டபின் நீளத்தை வெட்டினால் இரண்டும் கலையும். மையத்துக்குக் கீழே நாலு இஞ்ச் பிவிசி குழாயில் கோஆக்ஸைப் பன்னிரண்டு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். கம்பி வடகிழக்கு–தென்மேற்காக ஓடட்டும். ஒரு பக்கம் ஐரோப்பா, மறுபக்கம் ஆஸ்திரேலியா. குளச்சலில் கரைக்குக் குறுக்காக இழுத்தாலே ஏறக்குறைய அதுதான்.

தென்னையில் நேராகக் கட்டிவிடாதீர்கள். காற்றில் மரம் ஆடினால் கம்பி அறும். ஒரு முனையில் கப்பி போட்டு, நைலான் கயிற்றில் மணல் நிரப்பிய கேனைத் தொங்கவிட்டால் அது ஏறி இறங்கி இழுவையைத் தாங்கும்.

இறங்குமுகக் காலத்தில் காந்தப் புயல்கள் கூடும். காந்தக் கலக்கத்தை அளக்கும் கே எண் 5-ஐத் தொட்டால் வடதுருவத்தை ஒட்டிய பாதைகள் முதலில் விழும். சூரியன் தன்னைச் சுற்ற 27 நாள் ஆவதால், கெட்டுப்போன நாளைக் காலண்டரில் வட்டமிட்டு 27-வது நாளையும் குறித்து வையுங்கள். அன்று போட்டி எதிலும் நம்பி இறங்காதீர்கள். பட்டப்பகலில் திடீரென எல்லாம் மௌனமானால் அது சூரியப் பிழம்பின் வேலை. கீழே போகாமல் அதிக மெகாஹெர்ட்ஸ் உள்ள மேல் பேண்டுக்குப் போங்கள், முதலில் மீள்வது அதுதான்.

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடி உறுமினால் கேபிளை ரிக்கிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே தள்ளிவிடுங்கள். முனையை வெறுமையாக விடாமல் மூடியால் அடைத்துக் கீழ்நோக்கி வளைத்துத் தொங்கவிட்டால் அடுத்த ஜூனில் அந்தக் கனெக்டரில் தண்ணீர் இருக்காது.