கள்ளனுக்குக் கைதட்டிய காலம்

கேள்வி: எண்பதுகளில் நாங்கள் டிவியில் பார்த்த கள்ளமற்ற கார்ட்டூன்கள் இனி வருமா? உங்களுக்கு மிகவும் பிடித்தது எது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதைச் சிபாரிசு செய்வீர்கள்?
— ஒரு வாசகி, கல்கிசை

பதில்: டொம் அன்ட் ஜெரி.

கேட்டதற்குப் பதில் முடிந்தது. மிச்ச இடத்தை உங்கள் ‘கள்ளமற்ற’ என்ற சொல்லுக்குக் கொடுக்கிறேன். மீன்முள்மாதிரித் தொண்டைக்குள் நிற்கிறது.

அந்தக் கார்ட்டூனில் கள்ளமற்றது எது, அம்மணி? கதையே களவு. ஒரு வீடு, ஒரு ஃபிரிட்ஜ், அதற்குள் சீஸ். ஆள் அசந்த நேரம் பார்த்து வந்து எடுப்பவனுக்கு எங்கள் ஊரில் கள்ளன் என்று பெயர். அவனைப் பிடிக்க வேண்டிய பொறுப்பு, சாப்பாட்டுக்கு மட்டும் வேலை பார்க்கும் ஒரு பூனைக்கு. அதன் தலையில் சட்டி விழும், வாலில் பொறி மாட்டும், வாய்க்குள் வெடி வெடிக்கும். சிமெந்துத் தரையில் சம்மணம் கொட்டி உட்கார்ந்திருந்த நாங்கள் கள்ளனுக்குக் கைதட்டினோம். காவல்காரன் அடி வாங்க வாங்க வயிறு நோகச் சிரித்தோம். இதைக் கள்ளமின்மை என்றால், கோர்ட்டில் நிற்கிறவர்கள் எல்லாரும் குழந்தைகள்தான்.

முதல் படம் 1940இல் வந்தது. வில்லியம் ஹானாவும் ஜோசப் பார்பெராவும் செய்தது. இன்னொரு சாமான் உடைந்தால் வீட்டைவிட்டுத் துரத்திவிடுவேன் என்று வீட்டைப் பார்க்கும் பெண் பூனைக்குச் சொல்லிவிடுகிறாள். எலியின் காதில் அது விழுந்துவிடுகிறது. பூனை கிட்ட வரும்போதெல்லாம் எலி ஒரு கண்ணாடிக் கிளாஸைத் தூக்கிப் பிடிக்கிறது: தொட்டுப் பார், போட்டு உடைக்கிறேன். பூனை பல்லைக் கடித்துக்கொண்டு பின்வாங்குகிறது. கொழும்பு வியாபாரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இதற்குக் கப்பம் என்று பெயர்.

அந்தப் படத்தில் பூனையின் பெயர் டொம் அல்ல, ஜாஸ்பர். பிறகு ஸ்டூடியோவுக்குள்ளே பெயர்ப் போட்டி வைத்தார்கள். ஜோன் கார் என்ற ஓவியர் இந்த ஜோடிப் பெயரைச் சொல்லி 50 டொலர் பரிசு வாங்கினார். இந்த இடத்தில், நான் ‘டொம்’ என்று எழுதுவதைக் கண்டால் மாதம் தவறாமல் அஞ்சலட்டை போடும் ஒரு வாசகர் பேனாவைத் திறந்திருப்பார். ‘டாம்’ என்பதுதான் சரியாம். சென்னைப் பத்திரிகைகள் எல்லாம் அப்படித்தான் எழுதுகின்றனவாம். எழுதட்டுமே. அவர்கள் டாக்டரிடம் போகிறார்கள், நாங்கள் டொக்டரிடம் போகிறோம். இரண்டு பேருக்கும் காய்ச்சல் மாறுகிறது. யாழ்ப்பாணத்தில் என் பெரியப்பா அதை ‘ரொம்’ என்று எழுதுவார். ‘ரீவீயிலை ரொம்’ என்று அவர் கடிதத்தில் வந்தால் எங்கள் வீட்டில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஜாஸ்பராக இருந்து பிழைத்த பூனைக்கு ஒரு கொம்பு போட்டாலென்ன, போடாவிட்டாலென்ன?

களவு என்றால் எலியோடு நிற்கவில்லை. டொம் கோட்டும் சூட்டுமாக பியானோ வாசிக்கும் படம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். லிஸ்ட் என்ற இசையமைப்பாளரின் இரண்டாவது ஹங்கேரிய ரப்ஸடி. அதே இசையை, அதேமாதிரிப் பியானோ முன்னால் உட்கார்ந்து, பக்ஸ் பனியும் ஏறக்குறைய அதே காலத்தில் வாசித்தது. எங்கள் அரச டிவியான ரூபவாஹினியில் ‘ஹா ஹா ஹரி ஹாவா’ என்று சிங்களம் பேசிய அதே முயல்தான். நீ என்னைப் பார்த்துத் திருடினாய், இல்லை நீதான் திருடினாய் என்று இரண்டு ஸ்டூடியோவும் சண்டை பிடித்தன. ஒஸ்கார் பூனைக்குப் போனது. வாழ்க்கையில் எலியிடம் வெல்லாத பூனை முயலிடமாவது வென்றது. எனக்கு அதில் இன்றைக்கும் ஒரு திருப்தி.

ஏனென்றால் நான் டொம் கட்சி. அம்மா சேர்த்துவிட்ட கட்சி.

எங்கள் வீடு வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒரு லேனில். ரயில் போனால் ஜன்னல் கண்ணாடி நடுங்கும், அலுமாரிக்குள் கோப்பைகள் பேசும். குசினியில் எலி. அமெரிக்க எலிக்குத்தான் சீஸ். எங்கள் எலிகளுக்குக் கருவாட்டுத் தலை, இல்லாவிட்டால் தணலில் சுட்ட தேங்காய்ச் சொட்டு. அம்மா சொட்டைச் சுட்டு, மணம் வந்ததும் கம்பியில் குத்தி, கதவைக் கொளுவி, பொறியை அரிசி வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்து எங்களோடு உட்காருவார். பொறி பக்கத்து அறையில், எலி டிவியில். ஜெரி தப்பி ஓட நாங்கள் கூச்சல் போட, அம்மாவுக்குக் கோபம் வரும்.

“எங்கட அரிசியைத் தின்னுறது எலி. அதுக்கு நீங்கள் கை தட்டுறியள். உந்தப் பூனை பாவம், தன்ர வேலையைத்தானே செய்யுது?”

அதற்குப் பிறகு என்னால் ஜெரியை நிம்மதியாக ரசிக்க முடியவில்லை. டொம் அடி வாங்கி அலறும்போது, அது ஹானாவின் சொந்தத் தொண்டை என்று அப்போது தெரியாது, எனக்கு மட்டும் கொஞ்சம் நோகும். கீழ்வீட்டு அண்ணா அந்த அலறலை அச்சொட்டாகச் செய்வார். இரவில் கரண்ட் போனால் ஒருமுறை அலறுவார். லேன் முழுக்கச் சிரிக்கும், தமிழ் வீடு, சிங்கள வீடு, மூலையில் இருந்த மலே குடும்பம் எல்லாம். பாஷை இல்லாத கார்ட்டூனில் அது ஒரு வசதி.

அந்த அண்ணாதான் ஒருநாள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழும்பிப் போனார். “உது கள்ள டொம்மடா.” உண்மைதான். பூனை அதே பூனை. ஆனால் அசைவு வெடுக்கு வெடுக்கென்று இருந்தது, சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. கனகாலம் கழித்துத்தான் விஷயம் புரிந்தது. 1961, 62இல் ஜீன் டைச் என்ற அமெரிக்கர் பிராக் நகரத்தில் இருந்துகொண்டு 13 படங்கள் செய்திருக்கிறார். பனிப்போர்க் காலம். கம்யூனிஸ்ட் நாட்டில் செய்த சரக்கு என்று தெரிந்தால் வம்பு. ஆகவே எழுத்து ஓடும்போது செக் நாட்டவர்களின் பெயருக்கு ஆங்கில வேஷம் போட்டார்கள். வாத்ஸ்லாவ் லீடல் என்ற மனிதர் விக்டர் லிட்டில் ஆனார்.

இதை வாசித்தபோது சிரிப்பு வரவில்லை. ஆபத்துக்குப் பெயரை மாற்றிச் சொல்வதைப் பற்றி எங்கள் லேனுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 83 ஆடியில், தமிழரைத் தேடித் தேடி அடித்த அந்த ஒரு கிழமைக்குள், அங்கே எத்தனை பெரேராக்கள் பிறந்தார்கள்! நாங்கள் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், மார்கழியில் திரும்பி வந்தோம். வந்த பிறகு அம்மா ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார். சிங்களக் கார்ட்டூன்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

டைட்டஸ் தொட்டவத்த என்ற மேதை ரூபவாஹினிக்காக வெளிநாட்டுக் கார்ட்டூன்களை அசல் சிங்களமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. மிருகங்களோடு பேசும் டொக்டர் டூலிட்டில் அவர் கையில் ‘தொஸ்தர ஹொந்த ஹித்த’ ஆனார். நல்ல மனசு டொக்டர். அம்மா எனக்குப் பின்னால் கதிரையைப் போட்டு உட்காருவார். அவர் பார்த்தது டொக்டரை அல்ல, என் உதட்டை. டிவியில் சொன்னதை நான் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில் ஒரு சொல் தனியாக வரும்: பால்திய. வாளிக்குச் சிங்களம். அந்த ஆடிக் கிழமை தெருவில் கலவரக்காரர்கள் வாளியைக் காட்டி இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். முதல் எழுத்தைக் குரலோடு சொன்னால் போகலாம். காற்றாகச் சொன்னால் நீ வேறு ஆள். எங்கள் நெடுங்கணக்கில் இரண்டுக்கும் ஒரே ‘ப’தான். இந்தப் பக்கத்தில்கூட அந்த வித்தியாசத்தை என்னால் அச்சடித்துக் காட்ட முடியவில்லை, பாருங்கள்.

நான் சிங்களம் நன்றாகப் பேசுவேன் என்று நண்பர்கள் மெச்சுவார்கள். தொட்டவத்தவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். கொஞ்சம் அம்மாவின் பயத்துக்கும்.

அந்த டொக்டரைப் பற்றி இன்னொன்று. மனிதன் கிளியின் பாஷை, பன்றியின் பாஷை, வாத்தின் பாஷை எல்லாம் படித்தான். எங்கள் அரசாங்கக் கந்தோர்களில் பக்கத்துக் கதிரைக்காரனின் பாஷையைப் படிக்க ஆளில்லை. 1987இல் அரசியல் யாப்பைத் திருத்தி, தமிழும் அரச கரும மொழி என்று எழுதினார்கள். எழுதியது சரி, எழுத்துக்கூட்டினார்களா? கர்ப்பிணித் தாய்மாருக்கு ஒதுக்கிய பஸ் ஆசனத்தில் ‘த’ விழ வேண்டிய இடத்தில் ‘ந’ விழுந்த கதை ஊரறிந்தது. திரும்ப எழுதி என் வாயைக் கெடுத்துக்கொள்ளவில்லை. பெயர்ப்பலகை பற்றி இந்தப் பக்கத்தில் நான் புலம்புவது எத்தனையாவது தடவை என்று உதவி ஆசிரியர் விரல் மடிக்கிறார், ஆகவே நிறுத்துகிறேன்.

சிபாரிசு கேட்டீர்கள். செய்ய மாட்டேன். பெரியவர்கள் சிபாரிசு செய்த கார்ட்டூனை எந்தப் பிள்ளை பார்த்திருக்கிறது? அம்மா கட்டாயப்படுத்தியதால்தான் நான் பார்த்தேன். அதற்குக் காரணம் வேறு.

போன மாதம் ஒரு பின்னேரம் என் கைபேசியில் ஒரு பழைய டொம் அன்ட் ஜெரி ஓடிக்கொண்டிருந்தது. அம்மா வாங்கி, கண்ணாடியை மேலே தள்ளி, முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு முழுவதும் பார்த்தார். முடிந்ததும் திருப்பித் தந்தார்.

“நாப்பது வரியமாச்சு. இன்னும் பிடிக்கேல்லையோ இவன்?”

பி.கு. அஞ்சலட்டை வாசகருக்கு: டொம். அடுத்த மாதமும் டொம்தான்.