வேட்டைக் கதையைச் சுருக்காமல் அலசுவது எப்படி?

கேள்வி: ரிச்சர்ட் கானலின் 'தி மோஸ்ட் டேஞ்சரஸ் கேம்' சிறுகதையைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். இரண்டு தடவை எழுதிக் கொடுத்தும் 'இது கதைச்சுருக்கம், ஆய்வு எங்கே?' என்ற குறிப்போடு திரும்பி வந்துவிட்டது. படிக்கும்போது நெஞ்சு படபடக்கிறது. அந்த சஸ்பென்ஸ் எப்படி வருகிறது என்று எழுதத்தான் தெரியவில்லை. கடைசியில் கதாநாயகன் ரெயின்ஸ்ஃபோர்ட் மாறினானா இல்லையா என்பதும் பிடிபடவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: இந்தக் கதையை எடுத்தவர்கள் பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். சம்பவங்கள் அவ்வளவு வேகமாக ஓடுவதால் நம் பேனாவும் பின்னாலேயே ஓடிவிடுகிறது. முதலில் அந்த ஓட்டத்தை ஒரே பத்தியில் முடித்துவிடுவோம்.

கதை 1924 ஜனவரியில் 'காலியர்ஸ்' இதழில் வெளிவந்தது. ஜாகுவார் வேட்டைக்குப் புறப்பட்ட ரெயின்ஸ்ஃபோர்ட், இரவில் கரீபியன் கடலில் கப்பலிலிருந்து தவறி விழுந்து ஒரு தீவில் கரையேறுகிறான். அங்கே மாளிகை கட்டி வாழும் ரஷ்யரான ஜெனரல் ஸாராஃப், மிருகங்களை வேட்டையாடி அலுத்துப்போய் மனிதர்களை வேட்டையாடுகிறவன். ரெயின்ஸ்ஃபோர்ட் மூன்று நாள் தாக்குப்பிடித்தால் விடுதலை. அவன் தப்பிக்கிறான், ஸாராஃபின் படுக்கையறைக்கே வந்து நிற்கிறான், அன்றிரவு அந்தக் கட்டிலில் தூங்குகிறான். உங்கள் கட்டுரையிலும் சுருக்கத்துக்கு இதற்கு மேல் இடம் கொடுக்காதீர்கள்.

இனி கதையை இன்னொரு முறை, கையில் பென்சிலோடு படியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் ஒரே கேள்விதான்: இந்த இடத்தில் யாருக்கு அதிகம் தெரியும், எனக்கா, ரெயின்ஸ்ஃபோர்டுக்கா?

இரவு உணவுக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். தீவின் பெயரே கப்பலுக்கு வைத்த பொறி என்று சொல்கிறது. கரையேறுவதற்கு முன் இருட்டில் ஒரு அலறல் கேட்டிருக்கிறது. மறுநாள் பிற்பகல் தூங்கி எழுந்து நடக்கும்போது ரத்தக் கறையும் நசுங்கிய புதரும் கிடக்கின்றன, பக்கத்தில் சின்னஞ்சிறு .22 தோட்டாவின் உறை. பெரிய விலங்கை இவ்வளவு சிறிய துப்பாக்கியோடு யார் எதிர்கொண்டது என்று ரெயின்ஸ்ஃபோர்டே யோசிக்கிறான், ஆனால் அதற்கு மேல் போகவில்லை. உணவு மேசையில் ஸாராஃப், இந்தத் தீவில் எல்லாவற்றையும்விட ஆபத்தான இரை இருக்கிறது, அதை நானே கொண்டுவந்து சேர்க்கிறேன் என்கிறான். புலியா என்று கேட்கிறான் ரெயின்ஸ்ஃபோர்ட். இல்லை. அவனைப் பிடித்து உலுக்கிச் சொல்லிவிடலாமா என்று நமக்குத் தோன்றுகிறது. இங்கே நாம் அவனுக்கு முன்னால் இருக்கிறோம். அவன் தாமதிக்கிற ஒவ்வொரு நொடியும் நமக்கு வேதனை.

அடுத்து மரக்காட்சி. வேட்டையின் முதல் இரவு, தடத்தைச் சிக்கலாகப் பின்னிவிட்டு ஒரு பெரிய மரக்கிளையில் ஒளிந்திருக்கிறான். ஸாராஃப் தரையைப் பார்த்துக்கொண்டே வந்து அந்த மரத்தடியில் நிற்கிறான். பார்வை அங்குலம் அங்குலமாக மேலே ஏறி, ரெயின்ஸ்ஃபோர்ட் படுத்திருக்கும் கிளையைத் தொடுவதற்குச் சற்று முன் நின்றுவிடுகிறது. ஒரு புன்னகை. ஒரு புகை வளையம். திரும்பிப் போய்விடுகிறான். சம்பவம் என்று பார்த்தால் இங்கே ஒன்றுமே நடக்கவில்லை. ஆனாலும் கதை முழுவதிலும் எனக்கு அதிகம் குளிரெடுத்த இடம் இதுதான். இங்கே நமக்கும் அவனுக்கும் தெரிந்தது சரிசமம். ஸாராஃப் பார்க்கத் தவறவில்லை, நாளைய ஆட்டத்துக்காக மிச்சம் வைத்துவிட்டுப் போகிறான் என்பது அவனுக்கு உறைக்கிற அதே கணத்தில்தான் நமக்கும் உறைக்கிறது. ஓடுகிற கதை இந்த இடத்தில் மட்டும் எப்படி நடைபோடுகிறது என்று வாக்கியம் வாக்கியமாகப் பாருங்கள். உங்கள் கட்டுரையின் மிக நல்ல பத்தி இங்கிருந்து கிடைக்கும்.

கடைசிப் பகுதியில் நிலைமை தலைகீழ். ரெயின்ஸ்ஃபோர்ட் கடலில் குதித்ததும் கதை அவனை விட்டுவிட்டு ஸாராஃபின் பின்னால் வீட்டுக்குப் போகிறது. இவன் சாப்பிடுகிறான், படிக்கிறான், படுக்கையறைக்குப் போய் விளக்கைப் போடுகிறான். திரைச்சீலை மறைவில் ஒருவன் நிற்கிறான். அதுவரை ரெயின்ஸ்ஃபோர்டின் கண்ணால் பார்த்துவந்த நாம், அவன் பிழைத்தானா என்றுகூடத் தெரியாமல் அவனுக்குப் பின்தங்கிவிடுகிறோம். முன்னால், பக்கத்தில், பின்னால் என்று வாசகனை இடம் மாற்றி நிறுத்துவதுதான் கானலின் கைத்திறமை. சஸ்பென்ஸ் எப்படி வருகிறது என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் அதுதான்.

மூன்று பொறிகளைப் பற்றி நிறைய எழுத வேண்டாம். மலாய் முறையில் சாய்த்துவைத்த மரம் ஸாராஃபின் தோளில் அடிக்கிறது, பர்மியப் புலிக்குழி அவனுடைய நாயைக் கொல்கிறது, உகாண்டாவில் கற்ற கத்திப் பொறி வேலையாள் இவானைக் கொல்கிறது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். முதல் இரண்டையும் ஸாராஃப் பெயர் சொல்லிப் பாராட்டுகிறான். ரெயின்ஸ்ஃபோர்ட் எழுதிய வேட்டைப் புத்தகத்தைப் படித்தவன் அவன். இவனுக்குத் தெரிந்த வித்தையெல்லாம் அவனுக்கும் தெரியும். கடைசியில் இவனைக் காப்பாற்றுவது வேட்டைக்காரனின் வித்தை அல்ல. வேறு வழியில்லாத பிராணி செய்வதைப்போல இவனும் பாறையிலிருந்து கடலில் பாய்கிறான்.

தலைப்பைப் பற்றியும் எழுதுங்கள். 'கேம்' என்றால் வேட்டையில் கிடைக்கும் இரையும்தான், விளையாட்டும்தான். தமிழில் இரண்டையும் சேர்த்துத் தரும் ஒற்றைச் சொல் இல்லை. ஆட்டம், வேட்டம் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஓசையாவது ஒட்டும். இதை ஒருமுறை விளக்கிவிட்டு, ஸாராஃப் ஆட்டம் என்று சொல்லும் இடங்களில் ரெயின்ஸ்ஃபோர்ட் கொலை என்று சொல்வதைக் காட்டுங்கள். முதல் உலகப் போர் முடிந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது என்பதையும் ஒரு வரியில் சொல்லலாம்: போரில் கொன்றவன்தானே நீயும் என்ற தொனியில் ஸாராஃப் பேச்செடுக்கிறான், புலிக்குழி தோண்டும்போது ரெயின்ஸ்ஃபோர்டுக்கும் பிரான்சில் பதுங்குகுழி வெட்டியது ஞாபகம் வருகிறது.

சரி, அவன் மாறினானா? கப்பலில் நண்பன் விட்னி, ஜாகுவாருக்கும் பயம் தெரியும், வலியைப் பற்றிய பயம், சாவைப் பற்றிய பயம் என்கிறான். ரெயின்ஸ்ஃபோர்ட் சிரித்துத் தள்ளிவிடுகிறான். உலகத்தில் வேட்டையாடுகிறவன், வேட்டையாடப்படுகிறவன் என்று இரண்டே வகைதான் என்கிறான். பின்னால் வேட்டைநாய்கள் நெருங்கும்போது, வளைக்கப்பட்ட மிருகத்தின் நிலை அவனுக்கே புரிகிறது. பெரும்பாலான கட்டுரைகள் இங்கே நின்று, 'இரக்கம் பிறந்தது' என்று முடித்துவிடுகின்றன. கதை அதோடு முடியவில்லையே! படுக்கையறையில் ஸாராஃப், நீ ஜெயித்துவிட்டாய் என்று வாழ்த்துகிறான். விதிப்படி ஆட்டம் முடிந்தது. ரெயின்ஸ்ஃபோர்ட்தான் முடிக்கவில்லை, நான் இன்னும் வளைக்கப்பட்ட மிருகம்தான் என்கிறான். தோற்றவன் நாய்களுக்கு, ஜெயித்தவனுக்கு இந்த அருமையான கட்டில் என்று பந்தயம் வைப்பவன் ஸாராஃப். அந்தச் சண்டையைக் கானல் எழுதவே இல்லை. இதைவிட நல்ல கட்டிலில் தூங்கியதில்லை என்று ரெயின்ஸ்ஃபோர்ட் முடிவுசெய்வதுதான் கடைசி வரி.

முதன்முதலாகப் படித்தபோது அந்த வரியை நான் நிம்மதியோடுதான் படித்தேன். வெகுநாள் கழித்துத்தான் ஒன்று உறுத்தியது. பாறையில் மோதிய கப்பலின் மாலுமிகள் பன்னிரண்டு பேர்போல் தன் நிலவறையில் இருக்கிறார்கள் என்று ஸாராஃப் முன்பே சொல்லியிருக்கிறான். கடைசி வரியில் அவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. ரெயின்ஸ்ஃபோர்ட் ஸாராஃபாகவே மாறிவிட்டான் என்று அடித்துச் சொல்ல இது போதாது. அவன் காலையில் எழுந்து கதவைத் திறந்துவிட்டிருக்கலாம். ஆனால் வேட்டையாடப்படுகிறவனின் பயத்தை உடம்பில் உணர்ந்தவன், வென்ற இரவில் அளந்து பார்ப்பது கட்டிலின் சுகத்தைத்தான். பயம் தெரிந்துகொண்டான், ஆனால் அது தன் பயம் மட்டும்தான் என்பது என் வாசிப்பு. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம், சான்று மட்டும் கதைக்குள்ளிருந்தே வரட்டும்.

இந்த முறை கப்பலில் தொடங்காதீர்கள். முதல் வாக்கியத்தில் அந்தக் கட்டிலைச் சொல்லுங்கள், இரண்டாவதில் அதன் கீழே எங்கோ பூட்டிக் கிடக்கும் மாலுமிகளைச் சொல்லுங்கள். அப்புறம் விட்னியின் பேச்சுக்குத் திரும்பிப் போங்கள்.