20-ல் போய் 30-ல் திரும்பினால் சராசரி வேகம் ஏன் 25 இல்லை?

கேள்வி: சைக்கிளில் 30 கிலோமீட்டர் போய், அதே வழியில் திரும்பி வந்தேன். போகும்போது எதிர்க்காற்று, மணிக்கு 20 கி.மீ. வேகம்தான் முடிந்தது. வரும்போது மணிக்கு 30 கி.மீ. நடுவில் அரை மணி நேரம் ஓய்வு. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சராசரி 25 வருகிறது. ஆனால் செல்போன் செயலி ஓரிடத்தில் 24 என்கிறது, இன்னோரிடத்தில் 20 என்கிறது. எதை நம்புவது? அடுத்ததாக 100 கி.மீ. தள்ளியுள்ள ஓர் இடத்துக்குப் போக எண்ணியிருக்கிறேன். காலை 10 மணிக்கு அங்கே இருக்க வேண்டுமானால் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

பதில்: செயலி காட்டும் இரண்டு எண்களுமே சரி. உங்கள் 25 மட்டும்தான் தப்பு. பயணக் கணக்கில் மிகப் பரவலாக நடக்கும் தப்பு இது.

சராசரி வேகம் என்றால் மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்து வருவது, அவ்வளவுதான். வேகங்களைக் கூட்டிப் பாதியாக்குவது இதில் எங்குமே வராது. உங்கள் பயணத்தையே எடுத்துக்கொள்வோம். 30 கி.மீ. தூரத்தை 20 வேகத்தில் கடக்க ஒன்றரை மணி நேரம். அதே தூரத்தை 30 வேகத்தில் கடக்க ஒரு மணி நேரம். ஆக 60 கி.மீ. தூரத்துக்கு இரண்டரை மணி நேரம். 60-ஐ 2.5-ஆல் வகுத்தால் 24.

அந்த ஒரு கி.மீ. எங்கே போனது? 90 நிமிடம் மெதுவாக மிதித்தீர்கள், 60 நிமிடம் மட்டுமே வேகமாக மிதித்தீர்கள். மெதுவான வேகத்தோடு அதிக நேரம் இருந்ததால் சராசரி அதன் பக்கமாகச் சாய்கிறது. தூரம் சமமாக இருக்கும்போது எப்போதுமே இப்படித்தான் சாயும். போகும்போது 10, வரும்போது 40 என்றிருந்தால் சராசரி 25-க்குப் பக்கத்தில்கூட வராது, வெறும் 16தான். மாறாக, ஒரு மணி நேரம் 20-லும் இன்னொரு மணி நேரம் 30-லும் மிதித்திருந்தால் உங்கள் 25 அப்படியே சரி. எது சமம், தூரமா நேரமா என்று முதலில் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

சம தூரத்துக்குக் குறுக்குவழி ஒன்று உண்டு: இரு வேகங்களையும் பெருக்கி, அதை இரண்டு மடங்காக்கி, இரு வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுப்பது. 2 × 20 × 30 = 1200; அதை 50-ஆல் வகுத்தால் 24. கணிதத்தில் இதற்கு இசைச் சராசரி என்று பெயர். தேர்வு எழுதுகிறவர்களுக்கு உதவும். மற்றவர்கள் இதை மனப்பாடம் செய்ய வேண்டாம் என்பேன். தூரங்கள் கொஞ்சம் மாறினாலும் இது உதவாது. ஒவ்வொரு பகுதிக்கும் எவ்வளவு நேரம் ஆனது என்று கண்டுபிடித்துக் கூட்டும் வழி எந்தப் பயணத்துக்கும் பொருந்தும்.

இந்தப் பொறியில் பெரிய தலைகளும் விழுந்திருக்கின்றன. உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1930-களில் ஐன்ஸ்டைனுக்கு ஒரு புதிர் அனுப்பினார். ஒரு பழைய கார் குன்றில் ஒரு மைல் ஏறி, மறுபக்கம் ஒரு மைல் இறங்க வேண்டும். ஏறும்போது சராசரி மணிக்கு 15 மைல். மொத்தப் பயணத்தின் சராசரி 30 மைலாக வேண்டுமானால் எவ்வளவு வேகமாக இறங்க வேண்டும்? 45 என்று வாய் தானாகச் சொல்லும். ஆனால் 30 மைல் சராசரியில் இரண்டு மைல் போக மொத்தமே 4 நிமிடம்தான். அந்த 4 நிமிடமும் ஏறுவதிலேயே தீர்ந்துவிட்டது. ராக்கெட்டில் இறங்கினாலும் முடியாது. இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை என்பதைக் கணக்குப் போட்ட பிறகுதான் கவனித்ததாக ஐன்ஸ்டைனே பதில் எழுதினார். அப்புறம் நாம் தடுமாறுவதில் என்ன வெட்கம்?

சரி, அந்த 20 எங்கிருந்து வந்தது? உங்கள் அரை மணி ஓய்விலிருந்து. மிதித்த நேரம் இரண்டரை மணி, ஓய்வையும் சேர்த்தால் மூன்று மணி. 60-ஐ 3-ஆல் வகுத்தால் 20. பெரும்பாலான செயலிகள் வண்டி நின்றதும் நேரத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டு ஒரு சராசரி கணக்கிடும்; கிளம்பியதிலிருந்து முடிக்கும்வரை ஓடிய கடிகாரத்தை வைத்து இன்னொன்று கணக்கிடும். உங்கள் கால் பலம் கூடுகிறதா என்று பார்க்க முதல் எண் போதும். எப்போது போய்ச் சேருவோம் என்பதற்கு இரண்டாவதுதான் வேண்டும். இரண்டு பேர் தங்கள் சராசரியை ஒப்பிட்டுப் பேசும்போது எந்த எண்ணைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. ஆளுக்கொரு எண்ணை வைத்துக்கொண்டு வாதாடுவதைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

நிற்பது சராசரியை எவ்வளவு இழுக்கும் என்பதைப் பலர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். அரை மணி ஓய்வும் எடுத்து, மொத்தப் பயணத்தின் சராசரியும் 24 ஆக இருக்க வேண்டுமென்றால், மிதிக்கும் இரண்டு மணி நேரமும் நீங்கள் 30-லேயே போக வேண்டியிருக்கும்.

கணக்கு போடும்போது இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும்: நிமிடங்கள். 42 கி.மீ. தூரத்துக்கு 1 மணி 45 நிமிடம் ஆனது என்று வையுங்கள். கால்குலேட்டரில் 42 ÷ 1.45 என்று தட்டினால் 28.97 வரும். பார்க்க அழகான எண், ஆனால் தப்பு. 45 நிமிடம் என்பது முக்கால் மணி, அதாவது 0.75. ஆகவே 42 ÷ 1.75, விடை 24. ஒரு மணிக்கு 60 நிமிடம், கால்குலேட்டருக்கோ எல்லாம் பத்தின் மடங்கு. இந்தத் தசமத் தொல்லையே வேண்டாமென்றால் எல்லாவற்றையும் நிமிடமாக்கிவிடுங்கள்: 42-ஐ 105-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினாலும் அதே 24தான்.

வினாடிக் கணக்கில் வந்தால் 3.6 என்ற எண் கைகொடுக்கும். வினாடிக்கு இத்தனை மீட்டர் என்பதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்றாகும். ஒரு மணியில் 3600 வினாடி, ஒரு கிலோமீட்டரில் 1000 மீட்டர் என்பதால் வரும் எண் இது. உசேன் போல்ட் 2009-ல் பெர்லினில் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். 100 ÷ 9.58 = 10.44, அதை 3.6-ஆல் பெருக்கினால் மணிக்கு ஏறக்குறைய 37.6 கி.மீ. ஆனால் அதே ஓட்டத்தில் 60 முதல் 80 மீட்டர் வரையிலான 20 மீட்டரை 1.61 வினாடியில் கடந்தார். அங்கே மட்டும் பார்த்தால் மணிக்கு 44.7 கி.மீ. நின்ற இடத்திலிருந்து வேகமெடுக்கச் செலவான நேரம்தான் மொத்தச் சராசரியைக் கீழே இழுத்தது.

ஓட்டக்காரர்கள் கணக்கை வேறு விதமாக வைத்துக்கொள்கிறார்கள்: ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று. 2023-ல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 42.195 கி.மீ. மாரத்தானை 2 மணி 35 வினாடியில் முடித்தார். மணிக்கு 21 கி.மீ. என்று சொல்வதைவிட, கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51 வினாடி என்றால்தான் அவர்களுக்கு உறைக்கும். இதில் நீங்கள் விரும்பிய வசதியும் ஒளிந்திருக்கிறது. உங்கள் 20 வேகம் கிலோமீட்டருக்கு 3 நிமிடம். 30 வேகம் கிலோமீட்டருக்கு 2 நிமிடம். தூரம் சமம் என்பதால் இவற்றைக் கூட்டிப் பாதியாக்கலாம்: இரண்டரை நிமிடம். 60-ஐ 2.5-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 24.

பள்ளிக்கூட இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு வரி: போய்த் திரும்பிய பயணத்தில் சராசரித் திசைவேகம் (திசையையும் சேர்த்துப் பார்க்கும் வேகம்) சுழியம், ஏனென்றால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிட்டீர்கள். உங்கள் கேள்விக்கு அது தேவையில்லை.

இனி அந்த 100 கி.மீ. பயணம். 24-ஐ வைத்துக் கணக்குப் போட்டால் 4 மணி 10 நிமிடம் வரும். 5 மணி 50-க்குக் கிளம்பலாம் என்று தோன்றும். அதை நம்பாதீர்கள். ஓய்வையும் சேர்த்த 20-ஐ வையுங்கள்: சரியாக 5 மணி நேரம். அதுவும் பாதி வழியில் காற்று உதவியதால் வந்த எண். இந்த முறை ஒரே திசையில் போகிறீர்கள். முழுக்க எதிர்க்காற்றாக அமைந்தால், 20 வேகத்தில் மிதிப்பதற்கு மட்டுமே 5 மணி ஆகிவிடும். 60 கி.மீ. தூரத்துக்கு அரை மணி ஓய்வு என்றால் 100-க்கு 50 நிமிடம். மொத்தம் 5 மணி 50 நிமிடம். காலை 4 மணிக்குக் கிளம்புங்கள். காற்று சாதகமாக இருந்தால் சீக்கிரமே போய்ச் சேர்ந்து, அங்கேயே காலை நீட்டி உட்கார்ந்துகொள்ளலாம்.